சுற்றுவழியில் வரும் பாட்டு

தோட்டத்து லயங்களில் இப்படி ஒரு பாட்டியைப் பார்த்திராதவர்கள் குறைவு. காலையில் ரொட்டி தின்றாளா, தேத்தண்ணி குடித்தாளா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பெற்ற மகளையே ஏறிட்டுப் பார்த்து, "நீ யாரு புள்ள?" என்பாள். ஆனால் பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை வீறிட்டால் போதும், அவள் உதடு தானாக அசையத் தொடங்கிவிடும். மாமன் கொண்டுவரும் சீர், அத்தை வாங்கித் தரும் வளையல், தாத்தன் விட்டுவந்த ஊர் என்று ஒன்றும் விடாமல், ஒரு சொல்கூடப் பிசகாமல், முழுத் தாலாட்டையும் பாடி முடிப்பாள். பிள்ளை தூங்கியதும் மகளைத் திரும்பிப் பார்ப்பாள். "நீ யாரு புள்ள?"

இன்னொருவர், பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன பெரியவர். "தண்ணி" என்று சொல்ல முயன்று, வாய் கோணி, கண் கலங்கி, கடைசியில் இடது கையால் செம்பைக் காட்டுவார். மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டி லயத்து வாசலுக்கு வருகிறது. ஆர்மோனியம் அடியெடுத்துக் கொடுத்ததும், அந்த வாயிலிருந்து பாட்டு வரிவரியாக வருகிறது. கூடியிருப்பவர்கள் சாமி அருள் என்று கும்பிடுகிறார்கள்.

பேச்சை இழந்தவருக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது? மகளை மறந்தவளுக்குத் தாலாட்டு மட்டும் எப்படித் தங்கியது?

விடை தேடுவதற்கு, எல்லவிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் ஏறிக்கொள்வோம். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டி ரயில் தெமோதரைக்கு வருகிறது. அதற்கு அப்பால் மலை சட்டென்று இறங்குகிறது. அந்தச் சரிவில் ரயில் நேராக இறங்க முடியாது. அதனால் பாதை மலையை ஒரு வட்டம் சுற்றி, தான் புறப்பட்ட அதே ஸ்டேஷனுக்கு அடியில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, பதுளைப் பக்கம் வெளியே வருகிறது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது இந்தச் சுற்றுவழியால்தான்.

மூளையிலும் இப்படிச் சுற்றுவழிகள் உண்டு. நோயோ காயமோ ஒரு பாதையை அடைத்துவிட்டால், இசை வேறொரு பாதையில் போய்ச் சேருகிறது. அந்தப் பாதையைத் தெரிந்து, திட்டமிட்டுப் பயன்படுத்துவதுதான் இசைச் சிகிச்சை.

எது சிகிச்சை?

பிடித்த பாட்டைக் கேட்டால் மனம் லேசாகிறது. இது இசை தரும் நன்மை. இதை யாரும் சிகிச்சை என்று சொல்வதில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது என்பதும், கால் முறிந்து தேறியவருக்கு இன்றைக்கு இத்தனை அடி, நாளைக்கு இத்தனை அடி என்று ஒருவர் நடை பழக்குவதும் ஒன்றல்ல அல்லவா? அந்த வேறுபாடுதான் இங்கேயும்.

இசைச் சிகிச்சைக்கு மூன்று கால்கள். அதற்கென்று படித்துப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். இன்ன குறையைச் சரிசெய்ய வேண்டும் என்ற குறிக்கோள் வேண்டும். நாளுக்கு நாள் மாற்றம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது நல்ல பாட்டுக் கச்சேரியாக இருக்கலாம், சிகிச்சை ஆகாது.

இந்த வடிவம் பிறந்தது இரண்டாம் உலகப் போரின் காலத்தில். அமெரிக்காவில் காயம்பட்டும் மனம் உடைந்தும் திரும்பிய படைவீரர்களுக்கு, மருத்துவமனைகளில் இசைக் கலைஞர்கள் வாசித்தார்கள். பலனைக் கண்ட வைத்தியர்கள், வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நோயையும் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். 1944இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பட்டப் படிப்பு தொடங்கியது. 1985இல் உலக இசைச் சிகிச்சைச் சம்மேளனம் அமைந்தது.

இசையையும் வைத்தியத்தையும் சேர்த்து நினைப்பது நமக்குப் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடரின் தீராத வயிற்றுவலிக்காகக் கிரகங்கள் மேல் கீர்த்தனை பாடினார் என்பது கர்ணபரம்பரைக் கதை. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசை நூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தொழிலால் சித்த வைத்தியர். நமது எல்லவிலோ, குகையும் அருவியும் இராவணன் பெயரைச் சுமந்து நிற்கின்றன. கயிலை மலைக்கு அடியில் நசுங்கிக் கிடந்த அவன், சாமகானம் பாடி ஈசன் சினத்தைத் தணித்தான் என்று புராணம் சொல்கிறது. வாதையில் இருக்கும் மனிதன் பாட்டைத் தேடுவான் என்பதை இந்தக் கதைகள் எப்போதோ கண்டுகொண்டன. பாட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் நாம் இனித் தேட வேண்டும். அதற்குத் தப்பிலிருந்து தொடங்குவோம்.

தப்பும் காலும்

பழைய நாளில் தோட்டங்களில் விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பிரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு அது. குளிரில் சுருண்டு கிடந்த உடம்புகளை எழுப்பி மலைக்கு அனுப்பியது அந்த அடி. மாசி மாதம் காமன் கூத்திலும் தப்புதான் முழங்கும், ஆனால் அடி வேறு. மதனும் ரதியும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா ஓரமாக நிற்பவரின் பாதமும் மண்ணைத் தட்டத் தொடங்கும். தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளை இருந்த இடத்திலேயே குலுங்கும்.

காரணம், மூளைக்குள் காதுக்கும் காலுக்கும் இடையே நேரடித் தொடுப்பு இருக்கிறது. ஸ்கேன் கருவிக்குள் விரலைக்கூட அசைக்காமல் படுத்திருப்பவருக்குத் தாளத்தை மட்டும் கேட்க வைத்தார்கள். அப்போதும், உடம்பை அசைக்கும் மூளைப் பகுதிகள் வேலை செய்வது படத்தில் தெரிந்தது. 2009இல் ஹங்கேரியில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்கு, அவர்கள் தூங்கும்போது ஒரு கொட்டுத் தாளத்தைத் திரும்பத் திரும்ப ஒலித்தார்கள். இடையிடையே தாளத்தின் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டார்கள். அடி விடுபட்ட ஒவ்வொரு முறையும் குழந்தையின் மூளை அலையில் ஒரு துடிப்பு எழுந்தது. அடுத்த அடி எப்போது விழும் என்று அந்தத் தூக்கத்திலும் மூளை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறது.

ஒரு கம்பின் இரு முனையையும் தோளில் ஏற்றி, நடுவில் பாரத்தைத் தொங்கவிட்டு இருவர் நடக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும், பேசிவைத்துக்கொள்ளாமலே, இரண்டு பேரின் அடியும் ஒன்றாகிவிடும். ஒரு தாளத்தோடு இன்னொரு தாளம் இப்படி ஒட்டிக்கொள்வதைத் தாளப் பிணைவு என்று சொல்லலாம். வெளியே ஒலிக்கும் தாளத்தோடு உடம்பும் இதே விதமாகத்தான் பிணைகிறது.

பார்கின்சன் என்னும் நடுக்குவாத நோயில் இதற்குப் பெரிய பயன் உண்டு. மூளையின் ஆழத்தில், நாம் நினைக்காமலே அடிமேல் அடி வைக்கச் செய்யும் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. 'அடுத்த அடி எடு' என்று உள்ளிருந்து ஏவும் கங்காணி போன்றவை அவை. இந்த நோயில் அந்தக் கங்காணியின் குரல் மங்கிவிடுகிறது. காலில் பலம் இருந்தும் ஏவல் வராததால், வாசற்படியில் வந்த மனிதர் ஆணியடித்தாற்போல் நின்றுவிடுகிறார்.

உள்ளே ஏவல் இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஏவினால் என்ன? மைக்கேல் தௌட் என்ற ஆய்வாளரின் குழு 1996இல் இதைச் சோதித்தது. 15 நோயாளிகள் மூன்று வாரம், நாளுக்கு அரை மணி நேரம், அடி அழுத்தமாக விழும் இசைக்கு ஏற்ப நடந்து பழகினார்கள். 11 பேர் இசையில்லாமல் அதே பயிற்சியைச் செய்தார்கள். மற்றொரு 11 பேருக்குப் பயிற்சியே இல்லை. முடிவில் இசையோடு நடந்தவர்களின் வேகம் 25 விழுக்காடு கூடியிருந்தது. இசையில்லாமல் பழகியவர்களுக்கு 7 விழுக்காடுதான் கூடியது. பயிற்சி இல்லாதவர்களுக்கு 7 விழுக்காடு குறைந்திருந்தது.

எதற்கு மூன்று குழுக்கள்? இசைக் குழு மட்டும் இருந்திருந்தால், தினமும் நடந்ததாலேயே குணமாகியிருக்கலாம் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு இரண்டாவது குழு பதில் சொல்கிறது. நாளாக ஆக அதுவாகவே தேறியிருக்கும் என்றால், மூன்றாவது குழு பதில் சொல்கிறது. இரண்டு கேள்வியும் விழுந்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் தாளத்தின் பங்கு.

பாட்டாகச் சொன்னால் வரும் சொல்

இப்போது பஜனை பாடிய பெரியவரிடம் போவோம். பெரும்பாலானோருக்குப் பேச்சை உண்டாக்கும் பகுதி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை ஆள்வதும் இடது பாதிதான். அதனால்தான் பாரிசவாதத்தில் வலது கை விழுந்தவர்களுக்குப் பல வேளை பேச்சும் சேர்ந்தே போகிறது. இதைப் பேச்சிழப்பு என்கிறோம். பாடும்போது இடது பாதியோடு வலது பாதியும் கைகொடுக்கிறது.

பேச்சை இழந்த ஒருவர் தேவாலயப் பாட்டைப் பிழையில்லாமல் பாடியதை, 1745இலேயே சுவீடனில் ஓலோஃப் தாலின் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய இருநூற்று முப்பது ஆண்டு கழித்து, 1973இல், பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் அந்த வியப்பை ஒரு பயிற்சி முறையாக ஆக்கினார்கள். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும். சிகிச்சையாளர் நோயாளியின் எதிரே அமர்ந்து அவரது இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். "தண்ணி வேணும்" என்பதை ஒரு மேல்சுரம், ஒரு கீழ்ச்சுரம் என்று இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடுகிறார். ஒவ்வோர் அசைக்கும் அந்தக் கையால் மேசையில் ஒரு தட்டு. முதலில் சேர்ந்து முனகுகிறார்கள், பிறகு சேர்ந்து பாடுகிறார்கள். மெல்ல மெல்லச் சிகிச்சையாளர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டே போய் நிறுத்திவிடுகிறார். கடைசிப் படியில் சுரமும் விலகி, சொல் வெறும் பேச்சாக நிற்கிறது. சாரம் கட்டிச் சுவர் எழுப்பி, பிறகு சாரத்தைப் பிரிப்பதுபோல.

இதில் உதவி செய்வது சுரமா, தாளமா? 2011இல் ஜெர்மனியில் பேச்சிழப்பு உள்ள 17 பேரிடம் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். சுரமேற்றிப் பாடியதைவிட, ஒழுங்கான தாளமும் ஏற்கெனவே வாய்க்குப் பழகிய சொற்களுமே கூடுதலாக உதவின என்று தெரியவந்தது. நம் பெரியவருக்குப் பஜனை வந்ததும் இப்படித்தான். அவர் வாக்கியம் அமைக்கவில்லை. ஆயிரம் தடவை பாடித் தேய்ந்த பாட்டு, சங்கிலியைப் போல ஒரு கண்ணி அடுத்த கண்ணியை இழுக்க, தானாக வந்தது. அதனால் பஜனை பாடிவிட்டார் என்பதற்காக நாளைக்குப் பேசிவிடுவார் என்று குடும்பம் ஏமாறக் கூடாது. பழகிய பாட்டிலிருந்து தேவையான சொல்லுக்குப் படிகட்டுவதுதான் சிகிச்சையாளரின் கலை. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஒற்றையடிப் பாதையும் மறதியும்

தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. பெருமழை பெய்தால் போன மாதம் வெட்டிய புதுப்பாதை முதலில் கரைந்துபோகும். பழம்பாதை இறுகிக் கிடக்கும். நினைவிலும் அப்படித்தான். முதுமை மறதி நோய் முதலில் அழிப்பது நேற்றைய நினைவை. இளமையில் நூறு தடவை நடந்த தடம் கடைசிவரை நிற்கிறது.

இதற்கு மூளைப் படங்களிலும் சான்று உண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், முதலில் நலமாக உள்ள இளைஞர்களுக்கு வெகுநாளாகத் தெரிந்த பாட்டையும், புதிய பாட்டையும் கேட்க வைத்து, பழைய பாட்டுக்கு மட்டும் சிறப்பாக வேலை செய்யும் மூளைப் பகுதிகளைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களின் மூளையில் அதே இடங்களைப் பார்த்தார்கள். மூளையின் மற்ற இடங்கள் பல சுருங்கியிருந்தபோது, அந்தப் பகுதிகள் மிகக் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தன. பாட்டி மகளை மறந்து தாலாட்டை மறக்காதது அன்புக் குறைவால் அல்ல. மகளின் பெயர் இருந்த பக்கம் மண் சரிந்துவிட்டது. தாலாட்டு இருந்த பக்கம் இன்னும் நிற்கிறது.

மனிதர்கள் தம் வாழ்வில் மிகத் தெளிவாக நினைவில் வைத்திருப்பது ஏறத்தாழப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையான காலத்தை என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதை நினைவு மேடு எனலாம். அப்படியானால் ஒரு தோட்டத்துப் பாட்டிக்கு உதவும் பாட்டு எது? அவள் குமரியாக இருந்தபோது இலங்கை வானொலியில் ஒலித்த சினிமாப் பாட்டு, மாரியம்மன் திருவிழாக் கும்மி, மலையில் நிரை பிடித்து நின்று தோழிகளோடு பாடிய பாட்டு. வெளிநாட்டு ஒலித்தட்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அவளுடைய மேட்டுக்கு ஏறாது.

பாரிசவாதத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் இதே பாடம்தான் கிடைத்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2008இல் வெளியான ஆய்வில் 60 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு இரண்டு மாதம், நாளுக்கு ஒரு மணி நேரமாவது தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்டது. இன்னொரு பிரிவு ஒலிப்புத்தகம் கேட்டது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் சொற்களை நினைவில் நிறுத்தும் திறன் பாட்டுப் பிரிவில் 60 விழுக்காடு மேம்பட்டது. ஒலிப்புத்தகப் பிரிவில் 18, எதுவும் கேளாதவர்களில் 29 விழுக்காடுதான். மனச்சோர்வும் பாட்டுப் பிரிவில் குறைவாக இருந்தது.

தாலாட்டின் வேலை

பிள்ளை மடுவத்தில் ஆயம்மா ஒருத்தி மடியில் ஒன்று, ஏணையில் ஒன்று என்று ஒரே குரலில் ஆராரோ பாடித் தூங்கவைக்கிறாள். குழந்தைக்குச் சொல் புரியாது. பிறகு எதைக் கேட்டுத் தூங்குகிறது?

2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்கக் குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டே இராத மொழிகளின் தாலாட்டுகளையும், அதே மக்களின் வேறு பாட்டுகளையும் மாற்றி மாற்றி ஒலித்தார்கள். தாலாட்டு ஒலித்தபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு கூடுதலாகத் தணிந்தது, கண்மணி சுருங்கியது. மொழியும் குரலும் அந்நியமாக இருந்தும் தாலாட்டின் நடையே அமைதி தந்தது. மெதுவான ஒரே சீரான அசைவு, திடுக்கென ஏறாத சுரம், திரும்பத் திரும்ப வரும் அடி. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த உலகம் பயமில்லாத உலகம்.

குறைமாதக் குழந்தைகளிடமும் இது சோதிக்கப்பட்டது. ஜோன் லோவி தலைமையில் அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வு அது. பெற்றோர் தமக்கு நெருக்கமான ஒரு பாட்டைத் தேர்ந்து சொல்ல, சிகிச்சையாளர் அதைத் தாலாட்டு நடையில் மாற்றிக் கற்பித்தார். குழந்தையின் இதயத் துடிப்பு சீரடைந்ததோடு, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே தவித்து நின்ற தாய் தந்தையின் பதற்றமும் குறைந்தது. தாலாட்டு பாடுபவரையும் சேர்த்தே தாலாட்டுகிறது. இதை நம் ஆயம்மாமாரிடம் கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார்கள்.

வலியும் ஒப்பாரியும்

சத்திர சிகிச்சைக்கு முன்னும் பின்னும், சில வேளை மயக்கத்தில் இருக்கும்போதும்கூட, நோயாளிகளுக்கு இசை கேட்பித்த 73 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து, 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. இசை கேட்டவர்களுக்கு வலி குறைந்தது, பதற்றம் குறைந்தது, வலிமாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பவில்லை. இசை புண்ணை ஆற்றுவதில்லை, புண்ணோடு இருக்கும் நேரத்தை எளிதாக்குகிறது.

எப்படி? மூளைக்குள் இன்பத்தின் தூதுவனாக டோபமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மனம் நெகிழ்ந்து உடம்பு சிலிர்க்கும் இடத்தில் அது சுரக்கிறது என்பதை, 2011இல் கனடாவின் மொன்ட்ரியல் ஆய்வாளர்கள் படம்பிடித்தார்கள். சிலிர்ப்புக்குச் சற்று முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும் கணத்திலும், மூளையின் இன்னோர் இடத்தில் அது சுரக்கிறது. எதிர்பார்ப்பே இன்பம் தருகிறது. அதனால்தான் தெரிந்த பாட்டுக்கு அவ்வளவு பலம்.

ஆனால் துக்கத்தில் மனிதர்கள் இன்பமான பாட்டைத் தேடுவதில்லை. இழவு வீட்டில் பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுக்கிறார்கள். ஒப்பாரியின் ஒவ்வோர் அடியும் ஒரு நீண்ட வெளிமூச்சு. நீளமாக மூச்சு விடும்போது இதயம் மெல்லத் தணிகிறது. சேர்ந்து பாடுபவர்கள் சேர்ந்தே மூச்சு விடுவதால், அவர்களுடைய இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை, 2013இல் சுவீடனில் ஒரு பாடகர் குழுவிடம் அளந்து காட்டியிருக்கிறார்கள். அழுகைக்கு ஒரு தாளத்தையும், தனியாக அழாதபடி ஒரு கூட்டத்தையும் தருவது ஒப்பாரி. காமன் கூத்திலும் ஈசன் காமனை எரித்தபின் ரதி புலம்புகிறாள், ஊரே அந்தப் புலம்பலைக் கேட்டு நிற்கிறது, அதற்குப் பிறகுதான் காமன் உயிர்த்தெழுகிறான். புலம்பலைத் தாண்டிக் குதிக்க முடியாது, அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அந்தக் கூத்தைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்பும் முன் கேட்க வேண்டியது

இந்த ராகம் இரத்த அழுத்தத்துக்கு, அந்த ராகம் நீரிழிவுக்கு என்று பட்டியல்கள் கைபேசியில் சுற்றிவருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த ராகத்துக்குப் பதிலாக வேறு ராகத்தையோ வெறும் அமைதியையோ கொடுத்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரு குழுக்களிடம் ஒப்பிட்டார்களா? ஒரு ராகம் கருணையாக ஒலிப்பது, சின்ன வயதிலிருந்து அதைக் கோயிலில் கேட்டு வளர்ந்தவருக்கு. வேறு நாட்டில் வளர்ந்தவருக்கு அதே ராகம் வேறாக ஒலிக்கலாம். மாத்திரையைப் போல எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்கக்கூடிய பொருளல்ல இசை.

1993இல் 36 மாணவர்களுக்கு மொஸார்ட் இசையைக் கேட்பித்தபோது, இடவடிவம் சார்ந்த ஒரு சோதனையில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். பலன் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆனால் மொஸார்ட் கேட்டால் குழந்தை மேதையாகும் என்று உலகமே நம்பி ஒலித்தட்டு வாங்கியது. பிந்திய ஆய்வுகள், எந்த உற்சாகமான இசையும் கதையும் அந்தச் சிறு பலனைத் தரும் என்று காட்டின.

உண்மையான இசைச் சிகிச்சையும் எல்லா இடத்திலும் வெல்வதில்லை. 2017இல் ஒன்பது நாடுகளில், மதியிறுக்கம் என்னும் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், அந்த நிலையின் முக்கிய அறிகுறிகள் இசைச் சிகிச்சையால் குறையவில்லை. இசை ஆய்வாளர்களே அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழந்தைகளின் பொது முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் தெரிந்தது. தோற்ற இடத்தையும் சொல்லும் துறை என்பதால்தான், அது வென்றதாகச் சொல்லும் இடத்தை நம்பலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாட்டு காயத்தையும் திறக்கும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அப்படி உறவுகளை இழந்த ஒருவருக்கு, இழந்தவர் பாடிய பாட்டு ஆறுதலாகவும் இருக்கலாம், தாங்க முடியாத வேதனையாகவும் இருக்கலாம். எது என்று அவர் முகம் பார்த்து அறியத் தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டை வைக்கவும் கூடாது. பாட்டு மருந்துக்குத் துணை.

நம்மிடம் இருப்பது

இசைச் சிகிச்சை ஆளுக்கேற்ற பாட்டைக் கேட்கிறது. மலையக மக்களுக்கு ஏற்ற பாட்டு மலையகத்தில்தான் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் தேடி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்துத் தந்தார். அவர் எழுத்தில் பிடித்தது சொல்லை. அந்த இழுப்பும் மூச்சும் அடியும் இன்னும் வயதானவர்களின் தொண்டையிலும் கையிலும்தான் இருக்கின்றன. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். தப்படிப்பவரின் கை, சாவுக்கு அடிக்கும் கை என்று தாழ்த்தப்பட்டு, அவர் மகன் அந்தக் குச்சியைத் தொட மறுக்கிறான். அவன் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நாம் அந்தக் கலைஞருக்கு மரியாதை கொடுக்காதது நம் குற்றம். நடுக்குவாதக்காரரை நடக்கவைக்கும் அளவுக்கு அழுத்தமான தாளம் நம் மலையில் எவர் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், அந்தக் கையை நாம் எங்கே வைத்திருக்க வேண்டும் என்பது புரியும்.

பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் இசை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இரண்டும் சேரும் படிப்பு ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுவரை வீடுகளில் செய்யக்கூடியது உண்டு. ஞாபகம் நன்றாக இருக்கும்போதே அம்மாயியிடம், அப்பாயியிடம், உனக்குப் பிடித்த பாட்டு எது, யாரோடு பாடினாய், எப்போது பாடினாய் என்று கேட்டு, கைபேசியில் அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்கலாம். பத்துப் பாட்டு போதும். ஒருநாள் பெயர்கள் எல்லாம் சரிந்து போகும்போது, உள்ளே போவதற்கு அந்தப் பத்தும் பத்துப் பாதைகள்.

லயத்து வாசலில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். மகள் மலையிலிருந்து வந்து கூடையை இறக்குகிறாள். "நீ யாரு புள்ள?" முன்பெல்லாம் மகள் தன் பெயரைச் சொல்வாள், இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்வாள், மூன்றாம் தடவை அழுவாள். இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாயின் முழங்காலில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு, தாலாட்டின் முதல் அடியைப் பாடுகிறாள். பாட்டி இரண்டாம் அடியை எடுக்கிறாள். பெயர் திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் பாட்டு முடியும்வரை தாயும் மகளும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்கள்.